அவிட்டம் தங்கிய வருஷம்

ஐப்பசி அடைமழை வெறித்த ஒரு காலையில் எங்கள் ஆனைத்துறையில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்தவர்கள் எல்லாரும், தேதி மாறியிருப்பதையும் கிழமை மாறியிருப்பதையும் நட்சத்திரம் மட்டும் முந்தின நாள் இருந்த அவிட்டத்திலேயே நிற்பதையும் பார்த்தோம்; அச்சுப்பிழையாக இருக்கும் என்று அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தோம், அதிலும் அவிட்டம், அதற்கடுத்ததிலும் அவிட்டம், டிசம்பர் கடைசித் தாள் வரைக்கும் அவிட்டம்; சரி, காலண்டர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சிவன் கோயில் சபேச குருக்களிடம் போனால், அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, கழற்றித் துடைத்து மறுபடி பார்த்து, "அவிட்டம்தான் போட்டிருக்கு. வந்த நட்சத்திரம் போகலை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டார்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாரும் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தோம். பாதி நிலா முந்தின நாள் நின்ற இடத்தில், முந்தின நாள் அளவில், நடந்து அலுத்தவர் மைல்கல்லில் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கீழமங்கலம். அங்கே அன்றைக்குச் சதயம், மறுநாள் பூரட்டாதி, அங்கே நிலா ஒழுங்காக வளர்ந்து ஒழுங்காகத் தேய்ந்தது. வேலையாகப் போனவர்கள் டவுன் பஸ்ஸில் பாலம் ஏறும்போது அவிட்டத்தில் ஏறி, இறங்கும்போது வேறொரு நட்சத்திரத்தில் இறங்கி, சாயங்காலம் காய்கறிப் பையோடு மறுபடி அவிட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். தை பிறப்பதற்குள் அக்கரைக் கடையில் வாங்கிய புது வருஷக் காலண்டரும் அப்படித்தான், கடையில் சரியாக இருந்தது, பாலத்தின் இந்த முனைக்கு வந்ததும் பக்கத்துக்குப் பக்கம் அவிட்டமாகிவிட்டது. கொஞ்ச நாள் அதிசயப்பட்டோம். பிறகு அதற்கும் தெம்பில்லை.

அவிட்டம் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. வானத்தின் வடபாதியில், உச்சிக்குப் பக்கத்தில், நாலு மங்கலான புள்ளிகள் சாய்சதுரமாக நிற்கும், வால் மாதிரி இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று விரலைச் சேர்த்து நீட்டினால் மொத்தமும் மறைந்துவிடும். அவிட்டத்தில் நிலா என்று சொல்கிறோமே தவிர, நிலா அதன் பக்கமே போவதில்லை, தெற்கே வெகுதூரம் ஒதுங்கித்தான் போகிறது. வேறு தேசத்துக்காரர்கள் அதைத் துள்ளுகிற ஓங்கில், அதாவது டால்பின் மீன், என்று சொல்வார்களாம். வடமொழியில் அதற்குத் தனிஷ்டை என்று பேர், செல்வம் மிகுந்தது என்று அர்த்தம். அதற்கும் முந்தின பேர் சிரவிஷ்டை, மிகவும் பேர்போனது. நம் பக்கத்தில் அதை மத்தளம் என்பார்கள். "கொட்டுச் சத்தம் எங்கே கேட்டாலும் ஆள் கூடும் இல்லையா, அதுபோலத்தான்" என்பார் குருக்கள். கல்யாணமானாலும் சாவானாலும் கொட்டு ஒருத்தரைக் கூப்பிடுவதோடு நிற்காது. அதனால் அவிட்டத்தில் செத்தவர் தனியாகப் போகமாட்டார், துணைக்கு அதே தெருவில் இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிடுவார் என்று எங்களுக்கு ஒரு பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரு முறையும் வைத்திருந்தார்கள். அவிட்டத்தில் உயிர் போனால் பிணத்தை வாசற்படி வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்து அந்த வழியாக எடுத்து, உடனே அடைத்துப் பூசிவிட வேண்டும்; உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும், விளக்கும் செம்பில் தண்ணீரும் வைக்க மட்டும் திறக்கலாம். இதற்கு அடைப்பு என்று பேர். முன்பெல்லாம் எப்போதோ யார் வீட்டிலோ நடக்கும், நாங்கள் ஐயோ பாவம் என்று தள்ளி நின்று பேசிக்கொள்வோம்.

அவிட்டம் தங்கிவிட்டபோது நாங்கள் என்ன செய்தோம் என்று அக்கரைக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். என்ன செய்வது, பழகிக்கொண்டோம். பிறந்த குழந்தை எல்லாம் அவிட்டம், ஆகவே குருக்கள் கொடுத்த எழுத்தில் குமரேசன், குணவதி, கீர்த்தனா, கிரிதரன் என்று தொட்டில் எல்லாம் ககர வரிசையாகிவிட்டது. மிதுன ராசிக்காரர்களுக்கு விடாமல் சந்திராஷ்டமம், அந்த நாளில் வாயைத் திறந்தால் வம்பு என்பதால் அவர்கள் பேசுவதையே விட்டுவிட்டார்கள், அதில் இரண்டு மூன்று வீடுகளில் நிம்மதி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிருத்திகை நட்சத்திரம் வராததால் கார்த்திகைக்கு விளக்கேற்றவில்லை, அக்கரை முழுக்க அகல் எரிவதை ஆற்றங்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தோம். தைப்பூசத்துக்கு மாலை போட்டவர்கள் பூசம் வராமல் மாலையைக் கழற்ற முடியாமல், விரதத்திலேயே துரும்பாக இளைத்து, பழனிக்குப் போகவும் முடியாமல் மீன் கடைப் பக்கம் தலைவைக்கவும் முடியாமல் காவித் துணி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். கோபம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் எங்களுக்குக் கொட்டாவி வந்தது.

சாவு வந்தபோதுதான் சிரமம். கடைத்தெருவில் ஒருவர் போனார், ஓர் அறை பூட்டப்பட்டது. மேலத்தெருவில் ஒரு கிழவர், இன்னொரு அறை. குருக்கள் வீட்டிலேயே அவர் அத்தை போய், கூடத்தைப் பூட்டிவிட்டு அவர் சமையலறையில் பஞ்சாங்கம் பார்த்தார். சுவர் இடிக்கிற வேலை எல்லாம் லூர்துசாமி கொத்தனாருக்கு வந்தது. "எங்க ஏசு பொறந்தப்பவும் ஒரு நட்சத்திரம் இப்படித்தான் வந்து நின்னுச்சு. நின்னா நல்லதுன்னுதான் எங்க சாமியார் சொல்றாரு" என்று முதலில் கிண்டல் பேசிக்கொண்டிருந்தவர், மார்கழி முடிவதற்குள் "இடிச்சு இடிச்சுத் தோளு கழண்டுபோச்சுங்க" என்று, வயசானவர்கள் இருக்கிற வீடுகளில் முன்கூட்டியே சுவரில் ஓர் ஆள் போகிற அளவுக்குச் சிமெண்ட் இல்லாமல் சும்மா செங்கல் அடுக்கி வைத்தார், வேண்டும்போது உருவிக்கொள்ளலாம் என்று. அந்த இடத்துக்கு நேராக யாரும் பாய் போடவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பூட்டுத் தொங்க, மிச்ச இடத்தில் மனுஷர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு குடித்தனம் செய்தார்கள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் தெருவில் மாவு மில் தருமலிங்கம் படுக்கையில் கிடந்தார். வாழ்நாள் முழுக்க மில்லில் நின்று ஊருக்கு மிளகாயும் மல்லியும் அரிசியும் அரைத்துக் கொடுத்தவர். அரைத்ததில் பாதி அவர் நெஞ்சுக்குள்ளேதான் இருக்கிறது என்று பெரியாஸ்பத்திரி டாக்டரே சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் மனைவி செங்கமலம். இருவரும் சேர்ந்து கட்டிய வீடு ஒரே ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு கீற்றுச் சாய்ப்பு, அவ்வளவுதான். சாய்ப்பில் அடுப்புக்குப் பக்கத்தில் ஆள் கால் நீட்ட முடியாது, மழை வந்தால் உட்காரவும் முடியாது. ஒரே மகன் மதிவாணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அங்கே ஒருமுறை போய்த் தங்கிய செங்கமலம், தையல் மெஷினுக்கு அடியில் காலை விட்டுப் படுத்து, மருமகள் மெஷினை மிதிக்க எழுந்தபோதெல்லாம் தானும் எழுந்து, ஒரு வாரத்தில் திரும்பி வந்து, "சாவுறவரைக்கும் இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னவள். அவளுக்கு இருந்தது அந்த ஓர் அறைதான். தருமலிங்கம் அவிட்டத்தில் போனால் அதுவும் இல்லை.

கார்த்திகை பிறந்த சமயம், முதன்முதலில் அவருக்கு மூச்சு முட்டிக் கண் செருகிய அன்று மத்தியானம், பால் ஊற்றலாம் என்று கூடியிருந்த எங்கள் முன்னாலேயே அவள் அவர் காதோரம் குனிந்தாள்.

"என்னங்க, இன்னிக்கு வேணாங்க. அவிட்டம்."

அவர் கண்ணைத் திறந்தார். "அவிட்டமா?"

"ஆமாங்க. ரூமைப் பூட்டிடுவாங்க. நான் எங்க போய்ப் படுப்பேன்?"

அவர் கொஞ்ச நேரம் உத்திரத்தைப் பார்த்தார். "சரி" என்றார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து ஒழுங்காக்கிக்கொண்டு, கஞ்சி கேட்டார்.

இப்படிக் கேட்பது எங்கள் ஊரில் புதிதில்லை. கெட்ட நட்சத்திரம் கழிகிறவரைக்கும் ஒரு பொழுது பொறுத்துக்கொள்ளச் சொல்வோம், பொறுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் தருமலிங்கம் மறுநாள் காலையில் கண் விழித்து, "இன்னிக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டபோது அவிட்டம், அதற்கு மறுநாளும் அவிட்டம், அவரும் ஒவ்வொரு நாளும் "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டு, யாரோ பாரம் ஏற்றிவிட்ட வண்டியைத் தனியாகத் தள்ளுகிறவர் மாதிரி மூச்சைத் தள்ளிக்கொண்டே கிடந்தார். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. மில்லில் நின்ற காலத்தில் ஒருநாள்கூடச் சீக்கிரம் கடையடைத்தவர் இல்லை என்பதால் இதையும் அவர் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஊரில் வேறு யாருக்காவது மூச்சு வாங்கினால், "தருமலிங்கத்தைப் பாருங்க, எவ்வளவு பொறுப்பா இருக்காரு" என்று வீட்டார் ஏசினார்கள். அவரைப் பார்க்க வந்த டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இது எதை வைத்து ஓடுகிறது என்று தெரியவில்லை என்றார். எங்களுக்குத் தெரியும், நாங்கள் சொல்லவில்லை.

அக்கரைக்கு அழைத்துப் போய்விடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. முதலில் சிலரை அப்படி ஆட்டோவில் கொண்டுபோனார்கள்தான். ஆனால் கீழமங்கலத்துக்காரர்கள் முழித்துக்கொண்டு, பாலத்தின் அந்த முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்க ஊர்ச் சாவை எங்க ஊர்ல இறக்காதீங்கப்பா, எங்களுக்கே தாங்கல" என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தருமலிங்கத்திடம் கேட்டபோது அவரும் மாட்டேன் என்றார். "என் கையால மண்ணு சொமந்து கட்டின ரூமு. இங்கேருந்துதான் போவேன். அவிட்டம் போகட்டும்."

தை முடிகிற சமயத்தில் அவர் உடம்பில் சதை என்று எதுவும் இல்லை. புரட்டிப் படுக்கவைத்தால் வலி, அப்படியே விட்டால் முதுகில் புண். செங்கமலம் தண்ணீர்ப் படுக்கை வாங்கிப் போட்டாள், புண்ணுக்குப் பவுடர் போட்டாள், விளாவிய வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள், ஸ்பூனால் கஞ்சி கொடுத்தாள், வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள், மறுபடி புண்ணுக்குப் பவுடர் போட்டாள். அவர் மூச்சு ஒன்று வந்து அடுத்தது வருவதற்குள் இருக்கிற இடைவெளியில் அவள் மூச்சும் நின்றது. மாதக்கணக்கில் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. உலை கொதிக்கும்போது நின்றபடியே கண்ணயர்ந்து, திடுக்கிட்டு, அறைக்குள் ஓடி அவர் மார்பைப் பார்த்துவிட்டு வந்தாள். தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுத்தான்: "இன்னிக்கு என்ன போட்டிருக்கு?" தெரிந்தே கேட்டாள். நாங்களும் தெரிந்தே சொன்னோம்.

எதிர்வீட்டுக் கனகாம்பாளிடம் மட்டும் அவள் ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "அக்கா, அவரு ராத்திரி பகலா பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடக்காரு. எதுக்குன்னு நெனைக்கிறீங்க? நான் கால் நீட்டிப் படுக்கிறதுக்கு. இதைவிடப் பாவம் ஒரு பொம்பள செய்வாளா?" கனகாம்பாள் அவள் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாசி பிறந்து சில நாள் கழித்து ஒரு காலை. வெயில் சன்னல் வழியாகப் படுக்கைவரை வந்திருந்தது. கனகாம்பாள் மோர் கொண்டுபோய் வாசற்படியில் நின்றிருந்ததால் நடந்தது எங்களுக்கு அப்படியே தெரியும். தருமலிங்கம் கண்ணைத் திறந்தார். கேட்பதற்குக்கூட அவருக்குக் குரல் எழவில்லை, உதடு மட்டும் அசைந்தது. செங்கமலம் அவர் நெஞ்சின் மேல் கையை வைத்தாள். சுவரில் காலண்டர் தொங்கியது, அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அஸ்வினிங்க" என்றாள்.

அவர் புருவம் மேலே போனது. அவிட்டத்துக்கு அப்புறம் வரும் சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, நாலுமே அறையை அடைக்கிற நட்சத்திரம்தான். அதெல்லாம் கழிந்து அஸ்வினி வந்தால்தான் ஒருவர் நிம்மதியாகப் போகலாம். இது பாலகனுக்கும் தெரியும், மாதக்கணக்காக அதையே எண்ணிக்கொண்டிருந்தவருக்குத் தெரியாதா?

"நேத்து... அவிட்டம்னியே" என்றார் காற்றாக. "நடுவுல நாலு இருக்கே?"

"அது போயிடுச்சுங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"நாலுமா?"

"நாலும்தான். எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். சிரிக்கிற மாதிரி உதடு ஓரம் இழுத்துக்கொண்டது. பொய்யைத் தெரிந்துகொண்டார் என்று கனகாம்பாள் சத்தியம் செய்கிறாள், தெரிந்திருக்காது என்று சொல்கிறவர்களும் தெருவில் உண்டு.

"ரூமு?" என்றார்.

"ரூமுக்கு ஒண்ணும் இல்ல. நான் இங்கதான் இருப்பேன். நீங்க கெளம்புங்க, போதும்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் தலையைச் சாய்த்து, அடுத்த மூச்சை அவர் இழுக்கவே இல்லை.

குருக்கள் வந்தார், லூர்துசாமி கொத்தனார் கடப்பாரையோடு வந்தார், தெரு முழுக்க வந்தது. குருக்கள் வழக்கம்போலக் கேட்கவேண்டியதைக் கேட்டார். எந்த நட்சத்திரம் என்பது அவருக்குத் தெரியாததா, ஆனாலும் வீட்டார் வாயால் சொல்லவேண்டும் என்பது முறை. செங்கமலம் எல்லாவற்றையும் சொன்னாள், அஸ்வினி என்று பொய் சொன்னதையும் சேர்த்து.

கனகாம்பாள்தான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, "ஏண்டி, அஸ்வினின்னே சொல்லிட்டுப் போயேன். எங்க வாயிலேருந்து அவிட்டம்னு வந்தா கேளு" என்றாள். நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் பயம் இருந்தது, துணைக்குக் கூப்பிடுவார் என்பதை யாரும் மறந்துவிடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் முகம் வெளுத்தே போயிருந்தது. ஆனாலும் அவரும் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

குருக்கள் தொண்டையைச் செருமினார். "பாரும்மா, செங்கமலம். அவர் காதுல அஸ்வினின்னு விழுந்து, அந்த நினைப்புல பிராணன் போயிருக்கு. நான் அதை அஸ்வினின்னே வச்சுக்கறேன். ஊரே பூட்டிக் கிடக்கு, இந்த ஒண்ணை விட்டுட்டா என்ன ஆயிடப்போறது? வாசல் வழியாவே எடுத்துண்டு போகட்டும். யார் கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

செங்கமலம் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"வேணாம் சாமி. எனக்கு இந்த ரூமு வேணும்னு அந்த மனுசனை இத்தன மாசம் சாவவிடாம வச்சிருந்தேன். அவரு எனக்காக மூச்சு விட்டாரு. நான் அவருக்காக ஆறு மாசம் வெளியில படுத்தா என்ன, செத்தா போயிடுவேன்? அந்தப் பொய் அவரு போறதுக்குச் சொன்னது சாமி, நான் குடியிருக்கிறதுக்கு இல்ல. இந்தத் தெருவுல புள்ளகுட்டிங்க இருக்கு. இடிச்சு எடுத்துட்டுப் பூட்டுங்க."

லூர்துசாமி துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரில் இடம் குறிக்கப் போனார். மகனுக்குப் போன் போட்டாயிற்று, அவன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். செங்கமலம் தன் புடவை இரண்டையும் ஒரு தலையணையையும் அறையிலிருந்து எடுத்துக்கொண்டு சாய்ப்புக்கு வந்து, அடுப்பை நகர்த்திவிட்டு, படுத்துப் பார்த்து இடம் போதுமா என்று அளவு பார்க்கிறவள் மாதிரி தரையில் சாய்ந்தாள். கால் வெளியே வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே தூங்கிவிட்டாள்.

புருஷன் பிணம் உள்ளே கிடக்க ஒருத்தி குறட்டை விட்டுத் தூங்குவதை எங்கள் ஊரில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. ஒப்பாரி வைக்க வந்தவர்கள் வைக்கவில்லை, பாடைக்கு மூங்கில் பிளந்தவர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள், தெருமுனையில் கொட்டு அடித்துக்கொண்டு வந்தவர்களை நாலு பேர் ஓடிப்போய் வாயில் விரல் வைத்துக் காட்டி நிறுத்தினார்கள். லூர்துசாமி ஓங்கிய கடப்பாரையை இறக்கிச் சுவரில் சாத்திவிட்டு, நிழல் பார்த்து உட்கார்ந்தார். குருக்கள் நல்ல நேரம் போகிறதே என்று ஒருதடவை வாயெடுத்தார், பிறகு தானும் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் திரும்பியது. எவருக்கும் அவசரமில்லை. கனகாம்பாள் தன் புடவை ஒன்றைக் கொண்டுவந்து கூரையிலிருந்து தொங்கவிட்டு, வெயில் படுகிற அந்தக் காலுக்கு நிழல் செய்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மதிவாணன் தெருவில் ஓடி வந்தான். சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றான், பிறகு அறைக்குள் அப்பாவைப் பார்த்தான், பார்த்ததும் வாயை அகலமாகத் திறந்தான். கனகாம்பாள் அவன் வாயைப் பொத்தினாள்.

"உங்கம்மா தூங்குறாடா" என்றாள். "மெதுவா அழு."